வட்டமும் வரிசையும்: ஒரு கும்மித் திடல், ஒரு பறைப் பட்டறை

2024ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ பட்டியலில் மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி வாத்தியார் எம். பத்ரப்பனின் பெயர் இருந்தது. அப்போது அவருக்கு வயது 87. மறு ஆண்டு, 2025 பட்டியலில், மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானின் பெயர் வந்தது. அவர் பறை ஆசான். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு விருது என்ற ஒற்றை வரியோடு பலரும் இதைக் கடந்து போனோம். ஆனால் இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஆடியதற்கும் அடித்ததற்கும் மட்டும் பேர் வாங்கியவர்கள் அல்லர் இவர்கள். சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கியவர்கள். ஆண்களே ஆடிவந்த அந்த ஒயில் கும்மியைப் பத்ரப்பன் பெண்களுக்குப் பழக்கினார். ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்ட பறையை வேலு ஆசான் எல்லோர் தோளிலும் மாட்டினார். இரண்டு பேரும் திறந்தது ஆளுக்கொரு கதவு. அந்தக் கதவுகள் வழியாக உள்ளே வந்தவர்கள் என்ன ஆனார்கள், இன்னும் வெளியே நிற்பவர்கள் யார் என்பதைப் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

இதைப் பார்க்கக் கணியூர் தோதான இடம். அமராவதியின் ராஜவாய்க்கால் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைந்த ஊர்; காரத்தொழுவு, கடத்தூர், சோழமாதேவி என்று பக்கத்து ஊர்களும் அப்படியே. மடத்துக்குளம் வட்டத்துப் பேரூராட்சி. 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது கோவையிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தது. ஆனால் காகிதத்தில் மாவட்டம் மாறுவதற்கு முன்பே சனங்களின் பிழைப்பு திருப்பூர்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. நூல்மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் விடிகாலையில் இந்தச் சாலைகளில் ஓடத் தொடங்கிப் பல காலம் ஆகிறது. வடக்கே காங்கேயம், ஈரோடு என்று போகப் போகக் கும்மிப் பயிற்சி பெருத்திருக்கிறது. தென்கிழக்கே பழனி தாண்டித் திண்டுக்கல் போனால் பறைப் பயிற்சி. நடுவில் கணியூர்.

முதலில் கும்மி.

கொங்கு நாட்டில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வள்ளிக்கும்மி எழுந்து வந்த வேகம் வியப்பானது. ஒரு ஊரில் பத்துப் பேர் சேர்ந்து வாத்தியாரை வரவழைப்பார்கள். கோயில் திடலிலோ கல்யாண மண்டப வாசலிலோ, பொழுது சாய்ந்து சமையலை முடித்துவிட்டு வந்த பிறகு, இரவு ஏழு மணி வாக்கில் பயிற்சி. சில வாரங்கள், சில மாதங்கள். பிறகு ஒரே நிறப் புடவையில் அரங்கேற்றம். பெருந்துறைத் திடலில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்றாக ஆடும் அளவுக்கு இது வளர்ந்துவிட்டது.

பயிற்சியின் முதல் நாளை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் சூட்சுமம் புரியும். வாத்தியார் நடுவில் நின்று ஒரு அடி பாடுவார். சுற்றி நிற்பவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். வலது கால் முன்னே, கை தட்டு, இடது கால் பின்னே, திரும்பு. முதல் நாள் யாருக்கும் கையும் காலும் சேராது. பக்கத்தில் நிற்பவளின் காலைப் பார்த்துத்தான் அடுத்தவள் அடி வைக்கிறாள். வாத்தியாரைப் பார்த்து அல்ல. ஐந்தாறு நாளில் வட்டம் தானாகச் சுழலத் தொடங்கும்போது கவனித்தால், யாரும் யாரையும் பார்ப்பதில்லை, ஆனால் எல்லாக் காலும் ஒரே நேரத்தில் தரை தொடுகிறது. கும்மிக்கு வாங்க வேண்டிய கருவி எதுவும் இல்லை. இரண்டு உள்ளங்கை போதும். எழுத்துத் தெரிய வேண்டாம், இசை தெரிய வேண்டாம். அறுபது வயது ஆத்தாவும் ஆறாம் வகுப்புப் பேத்தியும் ஒரே வட்டத்தில் நிற்கலாம்.

"பொழுதோட ஆட்டம் எதுக்கு அம்மிணி?" என்ற கேள்வியைத் தாண்டி வந்தவர்கள்தான் அங்கே நிற்கும் பெண்கள் பலரும். காட்டு வேலை, மாட்டு வேலை, கம்பெனி வேலை, வீட்டு வேலை இவற்றுக்கு நடுவே தனக்கென்று ஒரு மணி நேரம் கேட்டு வாங்குவது இந்தப் பகுதியில் சின்னக் காரியம் அல்ல. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போனவர் இரவு எட்டுக்கு வெளியே வருவார். செக்கிங் மேசையில் நிற்பவளுக்கும் கைமடி வேலை செய்பவளுக்கும் உடம்பு முழுநாளும் ஒரே இடத்தில், ஒரே அசைவில். ஓவர்லாக் மெஷின் இரைச்சலில் பக்கத்து ஆளோடு பேச முடியாது. பீஸ் ரேட்டில் ஓடும் டைலர் தன் கையைத் தவிர வேறெதையும் பார்க்க நேரமில்லாதவர். அப்படிப்பட்ட உடம்பு பெரிய வட்டத்தில் கைவீசிச் சுற்றுவதும், உரக்கப் பாடுவதும், தப்பு அடி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரிப்பதும் மனசுக்கு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. கூச்சம் போகிறது. மேடை பயம் போகிறது. ஊர்க் கூட்டத்தில் வாயே திறக்காதவள் மைக் பிடிக்கிறாள். இதைச் சாதாரணமாக எடைபோடக் கூடாது என்றே நினைக்கிறேன். பத்ரப்பன் பெண்களை வட்டத்துக்குள் கொண்டு வந்ததோடு நில்லாமல் முருகன் வள்ளி கதைக்கு அப்பால் தேச வரலாற்றையும் சமூகச் செய்திகளையும் கும்மிக்குள் கொண்டுவந்தவர். கலை அசைய மறுக்கும் சிலை அல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பறையின் கதை வேறு திசையில் போகிறது. அதற்குள் போகிறவர் கூச்சத்தை மட்டும் தாண்டினால் போதாது; வரலாற்றைத் தாண்ட வேண்டும்.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைத்திருக்கிறது. அத்தனை பழைமை. ஆனால் பிற்காலத்தில் அது ஊருக்குச் சாவு சொல்லும் வேலையாக, திருவிழாவில் சாமிக்கு முன்னால் அடித்தாலும் கோயிலுக்குள் வரக்கூடாத ஆளின் வேலையாக, மறுக்க முடியாத சாதிக் கடமையாக ஆக்கப்பட்டது. அடித்தவருக்குக் கூலி என்று கிடைத்தது பெரும்பாலும் கொஞ்சம் காசும் சாராயமும். அதனால் தமிழகத்தின் பல ஊர்களில் தலித் இளைஞர்கள் "இனிப் பறை அடிக்க மாட்டோம்" என்று மறுத்தார்கள். பறையைக் கொளுத்தியவர்களும் உண்டு. மறுத்ததற்காக அடியும் வாங்கினார்கள். சுயமரியாதைக்காகக் கீழே வைத்த கருவியை அதே சுயமரியாதைக்காக மறுபடி கையில் எடுப்பது என்பது 1990களில் நடந்த பெரிய திருப்பம். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் பாட்டு எழுதியவர், நாட்டுப்புற இசையை விடுதலை மொழியாகவே கற்பித்தார். கலைவிழா மேடைகளில் பறை தலைநிமிர்ந்து ஒலித்தது. சென்னையில் புத்தர் கலைக்குழு, கோவையில் நிமிர்வு கலையகம் என்று குழுக்கள் கிளைத்தன. இன்று சனி, ஞாயிறுகளில் கல்லூரி மாணவியும் ஐடி ஊழியரும் பறை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இவற்றுள் என் மனத்தில் ஆழமாக நிற்பது திண்டுக்கல் சக்தி கலைக்குழு. அருட்சகோதரி சந்திரா தொடங்கியது. அருட்சகோதரி பெல்சி உடன் நின்று நடத்தினார். இனவரைவிசை ஆய்வாளரான ஜோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படம் எடுத்திருக்கிறார். பள்ளியை இடையில் விட்ட தலித் பெண் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். பறையோடு ஒயில், கும்மி போன்ற ஆட்டங்களும் உண்டு. கூடவே தையல் வகுப்பு, விட்ட படிப்பு, சாதியையும் பெண்ணுடலையும் பற்றிய உரையாடல்.

தையல் என்ற சொல்லில் திருப்பூர்க்காரர் ஒருவர் நின்று யோசிக்க வேண்டும். ஒரு காலத்தில் கொங்கு மண்டலத்து நூல்மில்கள் தென்மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைச் 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் அழைத்து வந்தன. மூன்று ஆண்டு மில் விடுதியில் அடைந்து கிடந்தால் கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை. பள்ளியை விட்ட ஏழைப் பெண்ணுக்கு முன்னால் அன்று இருந்த வழி பெரும்பாலும் அதுதான். சக்தி கலைக்குழுவில் அதே வயதுப் பிள்ளை, அதே ஏழ்மை, அதே தையல் மெஷின். ஆனால் தோளில் பறையும் இருந்தது. வேலைக்குப் போவதற்குமுன் தான் யார் என்று தெரிந்துகொண்டு போகும் வாய்ப்பு அவளுக்கு வாய்த்தது.

பறைப் பட்டறையின் முதல் நாளையும் அருகிலிருந்து சொல்ல வேண்டும். வட்டச் சட்டம் மரத்தால் ஆனது, மூன்று வில்களை இணைத்துப் பட்டை அடித்தது. அதன்மேல் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி இழுத்துக் கட்டிய தோல். காலையில் ஈரக் காற்றுக்குத் தோல் தொய்ந்திருக்கும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் வாட்டினால் விறைத்துக்கொண்டு 'கணீர்' என்று பேசும். எவ்வளவு அனல், எவ்வளவு நேரம் என்பதை ஆசானின் உள்ளங்கைதான் சொல்லும். இடது தோளில் மாட்டி, உடம்போடு அணைத்து, இடக்கையில் நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் இரண்டு வேலை செய்ய வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு மணிக்கட்டு வலிக்கும், விரலிடுக்கு சிவக்கும். ஒத்தையடி கைவந்த பிறகு சாமிச்சாட்டு, சப்பரத்தடி என்று ஒவ்வொன்றாய். அடித்துக்கொண்டே ஆட வேண்டும் என்று ஆசான் சொல்லும்போதுதான் பலருக்கும் மூச்சு முட்டும்.

ஆனால் உண்மையான தடை மணிக்கட்டு அல்ல, தோல். அந்தத் தோலைத் தொட ஒரு கணம் தயங்கும் கை உண்டு. பறையை வீட்டுக்குக் கொண்டுபோனால் "இழவு வீட்டுச் சாமானை ஏன் உள்ளே கொண்டாந்தே?" என்று திண்ணையிலேயே வைக்கச் சொல்லும் வீடுகள் உண்டு. மறுபுறம், அதே கருவியைப் பிடித்த தகப்பன் ஊரில் அவமானப்பட்டதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளையும் அதே வரிசையில் நிற்கிறாள். அவளுக்குத் தயக்கம் வேறு விதம். ஒருத்தி அருவருப்பைக் கடக்க வேண்டும், இன்னொருத்தி அவமானத்தைக் கடக்க வேண்டும். இருவர் தோளிலும் ஒரே எடைப் பறை. இந்த நிலைமையை எந்தச் சொற்பொழிவும் உண்டாக்க முடியாது. கும்மிக்கு இப்படி ஒரு வாசற்படி இல்லை. அதனால்தான் அது வேகமாகப் பரவுகிறது. பறைக்கு வாசற்படி உயரம். தாண்டியவர்களிடம் நிகழும் மாற்றமும் அதற்கேற்ப ஆழம்.

இன்னொரு வேறுபாடு அமைப்பில். கும்மி வட்டம். எல்லோர் முகமும் உள்நோக்கி இருக்கிறது. வெளியே நிற்பவர் முதுகைத்தான் பார்க்கிறார். பறை பெரும்பாலும் வரிசை, இல்லையென்றால் அரைவட்டம். முகம் ஊரை நோக்கி. கும்மி 'நாம்' என்று தமக்குள் சொல்லிக்கொள்கிறது. பறை 'இதோ நாங்கள்' என்று பிறரிடம் சொல்கிறது. இரண்டுக்கும் தேவை இருக்கிறது. ஆனால் வட்டத்துக்கு உள்ள ஆபத்து வரிசைக்கு அவ்வளவு இல்லை.

அந்த ஆபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்துப் பேச வேண்டும்.

2015இல் இங்கிலாந்தில் வந்த ஓர் ஆய்வு. எய்லுண்ட் பியர்ஸ், ஜாக் லோனே, ராபின் டன்பார் மூவரும் செய்தது. பெரியவர்களுக்கான வகுப்புகளில் பாட்டு வகுப்பையும் கைவேலை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் ஒப்பிட்டார்கள். முடிவில் எல்லா வகுப்பிலும் மனிதர்கள் நெருங்கித்தான் இருந்தார்கள். ஆனால் பாட்டு வகுப்பினர் முதல் சில வாரங்களிலேயே நெருங்கிவிட்டார்கள். மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. அந்நியரை வேகமாக உறவாக்கும் ஆற்றல் சேர்ந்திசைக்கு உண்டு என்பது அவர்கள் கண்டது. அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் 1995இல் எழுதிய நூலில் இதையே வேறு கோணத்தில் சொல்கிறார். 1941இல் ராணுவத்தில் சேர்ந்து டெக்சாஸ் வெயிலில் அணிநடை பழகியபோது, காரணமே இல்லாமல் தன்னுள் ஒரு பெருமிதம் பொங்கியதை நினைத்து, பல்லாண்டுகளுக்குப் பிறகு அதை ஆராயப் புகுந்தவர் அவர். ஒரே தாளத்தில் உடல்கள் அசைந்தால் மனிதர்கள் ஒட்டிக்கொள்கிறார்கள். திருவிழா நடனத்திலும் அப்படித்தான், போர்ப் பயிற்சியிலும் அப்படித்தான்.

இரண்டையும் சேர்த்து யோசித்தால் ஒரு முடிவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. தாளம் ஒட்டவைக்கும், யாரை யாரோடு என்று அது கேட்காது. அந்தத் தேர்வு முதல் அடி விழுவதற்கு முன்பே நடந்து முடிகிறது. பயிற்சி எந்தத் தெருவில், யார் கோயில் திடலில், யாருக்குச் சொல்லி அனுப்பப்பட்டது, எந்த நேரத்தில், எவ்வளவு கட்டணம், வாத்தியாரை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில் அது முடிந்துவிடுகிறது. ஒரு சாதியினர் மட்டும் சேர்ந்து வட்டம் போட்டால் கும்மி அந்தச் சாதியை இறுக்கும். எல்லாத் தெருவும் சேர்ந்து வட்டம் போட்டால் ஊரை இறுக்கும். கும்மியின் அழகு இரண்டிலும் ஒன்றுதான், விளைவு நேரெதிர்.

இது வெறும் ஊகம் அல்ல. கொங்கு வட்டாரத்துச் சில வள்ளிக்கும்மி மேடைகளில் சொந்தச் சாதிக்குள்ளேயே திருமணம் செய்துகொள்வோம் என்று இளம்பெண்களை உறுதிமொழி எடுக்கவைத்ததாக வந்த செய்திகளும் காணொளிகளும் பலருக்கும் நினைவிருக்கும். எனக்கு அது தாங்க முடியாத வேதனை. வள்ளி யார்? வேடர் குடியில் வளர்ந்தவள், தினைப்புனம் காத்தவள். முருகன் அவளைத் தேடி வேடனாகவும் கிழவனாகவும் உருமாறி வருகிறான். சாதி, குலம், பெற்றவர் சம்மதம் என்று எதையும் பாராமல் நடக்கும் காதல் மணத்தைத்தான் அந்த வட்டம் இரவு முழுக்கப் பாடுகிறது. அதைப் பாடி முடித்த வாயால் அப்படி ஒரு உறுதிமொழி சொல்லவைப்பது அந்தப் பெண்களுக்கும் கொடுமை, வள்ளிக்கும் கொடுமை. பல மாதம் சேர்ந்து ஆடியதால் வந்த நெருக்கம் இருக்கிறதே, அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களின் வாழ்க்கைத் தேர்வைப் பூட்டுகிறார்கள். பத்ரப்பன் பெண்களை உள்ளே அழைத்தது இதற்காக அல்ல. கும்மி ஆடும் ஊர்கள் எல்லாம் இப்படி என்று சொல்லவில்லை. பல திடல்களில் அப்படி எதுவும் இல்லை, கலப்பாகவும் ஆடுகிறார்கள். ஆனால் வட்டம் மூடிக்கொள்ளும் வசதி கும்மிக்குள் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு மறுக்க முடியாது.

பறைப் பட்டறைகள் இந்தக் குறையிலிருந்து முற்றிலும் தப்பியவையா? இல்லை. அவற்றின் குறை வேறு. நகரத்துப் பட்டறைகளில் பறை 'ஆதித்தமிழர் இசை' என்று பெருமையோடு அறிமுகமாகிறது. பெருமை நல்லது. ஆனால் அந்தப் பெருமைக்குள் நடுவில் சில நூற்றாண்டுகள் காணாமல் போய்விடுகின்றன. யாரை அடிமைப்படுத்த இந்தக் கருவி பயன்பட்டது என்ற பேச்சு வந்தால் "அதெல்லாம் எதுக்குங்க, கலையைக் கலையா பாப்போம்" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேடையில் மாணவர்கள் சீருடையில் பறை அடித்துக் கைத்தட்டல் வாங்குகிற அதே வாரத்தில், பக்கத்துக் கிராமத்தில் பரம்பரையாகப் பறை அடிக்கும் தப்பட்டைக்காரரை இழவு வீட்டுக்கு ஒருமையில் கூப்பிட்டு, பேசிய கூலியைக் குறைத்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். கருவிக்கு மரியாதை வந்துவிட்டது, அடிக்கும் மனிதருக்கு வரவில்லை என்றால் பட்டறை பாதி வேலைதான் செய்திருக்கிறது. சக்தி கலைக்குழு இங்கேதான் தனித்து நிற்கிறது. அங்கே சாதி பேசப்படாமல் ஒரு அடியும் பழகுவதில்லை. பறையின் உரிமையாளர்களே பறையின் ஆசிரியர்களும் ஆகிறார்கள்.

பட்டறை நடைமுறைகளிலும் இந்த மரியாதை வேறுபாடு தெரிகிறது. கும்மி வாத்தியாருக்கு ஊர் அரங்கேற்றத்தில் பொன்னாடை, மாலை, காணிக்கை. அவர் பெயர் பேனரில் பெரிதாக. பறை கற்றுக்கொடுக்கும் மூத்த கலைஞர்கள் பலர் இன்னும் பேனருக்கு வெளியே. வேலு ஆசானுக்குக் கிடைத்த பத்மஸ்ரீ இந்த நிலையைக் கொஞ்சம் அசைத்தது என்று நம்புகிறேன்.

ஒரு பழைய செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. உடுமலைப் பக்கத்துப் பூளவாடியில் 1899இல் பிறந்த உடுமலை நாராயணகவி சிறுவயதில் ஊர்த் திருவிழாக்களில் ஒயில் கும்மி, தம்பட்டம், உடுக்கடிப் பாட்டு என்று எல்லாவற்றையும் பழகி வளர்ந்ததாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பிற்காலத்தில் சீர்திருத்தக் கருத்துகளைத் திரைப்பாட்டில் சாதாரணச் சனங்களின் மெட்டில் கொண்டுவர அவரால் முடிந்ததற்கு இந்தப் பழக்கமே விதை. ஒரு பிள்ளை கும்மியையும் தம்பட்டத்தையும் ஒரே ஊரில், ஒரே வயதில் கற்றுக்கொள்ள முடிந்தால் என்ன விளையும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று இருக்கிறது.

இரண்டு பட்டறைகளும் ஒன்றுபோலத் தவறவிடுகிற ஆட்களும் உண்டு. முதலாவது, உடல் குறைபாடு உள்ளவர்கள். ஸ்காட்லாந்தின் தாள இசைக் கலைஞர் எவலின் கிளென்னி சிறுவயதிலேயே கேட்கும் திறனை ஏறக்குறைய முழுவதும் இழந்தவர். வெறுங்காலில் நின்று அதிர்வைத் தரை வழியாக வாங்கி உலகப் புகழ் பெற்றார். பறையோ உடம்போடு அணைத்துப் பிடிக்கும் கருவி. அடி விழும்போது அதிர்வு விலா எலும்புக்குள் இறங்குகிறது. காது கேளாத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் நம் ஊரில் எது? ஆனால் அவர்களைத் தேடிப் போய் அழைக்கும் பட்டறைகள் அரிது. கும்மியில் கைதட்டும் பாட்டும் போதும் என்பதால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் வட்டத்தில் ஓர் இடம் பிடிக்கலாம். மற்றவர்கள் ஒரு அடியைச் சற்று மாற்றினால் போதும். அதை யோசிக்க யாராவது ஒருவர் வேண்டும்.

இரண்டாவது, வடக்கிலிருந்து வந்தவர்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் இல்லாமல் இன்று திருப்பூர் ஓடாது. மில் விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களை நாம் 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். மேற்கு ஒடிசாவில் கண்டா என்ற சமூகத்தார் வழிவழியாக நெசவாளர்கள், கூடவே கொட்டு அடிப்பவர்கள். டோல், நிசான், தாசா, முகுரி சேர்ந்த அவர்களது மேளத்துக்குக் கண்டா பாஜா என்று பெயர். ஊர் விசேஷத்துக்கு அவர்கள் மேளம் இல்லாமல் ஆகாது. ஆனால் தீண்டாமை அவர்களையும் விடவில்லை. நம் பறையின் கதையை அப்படியே வேறு மொழியில் சொன்னதுபோல இல்லையா? ஜார்க்கண்டில் சந்தால் பெண்கள் கைகோத்து அரைவட்டமாக ஆடுகிறார்கள். அசாமில் பிகுவுக்கு டோல் அடிக்கிறார்கள். தறியும் கொட்டும் தெரிந்த ஒரு பிள்ளை திருப்பூர்ப் பக்கம் வந்து எட்டுக்குப் பத்து அறையில் போனைப் பார்த்துக்கொண்டு ஞாயிறைக் கழிக்கிறான். அவன் கையில் ஒரு பறையைக் கொடுத்தால் அவன் நமக்குச் சொல்லிக்கொடுப்பான். மொழி வேண்டாம், நாலு எண்ணிக்கை போதும்.

கணியூர் மாதிரி ஓர் ஊரில் இதைச் செய்ய என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கோயில் திடல் வேண்டாம். எந்தக் கோயிலானாலும் யாரோ ஒருவருக்கு அது வேறொருவர் இடம். அரசுப் பள்ளி மைதானம் எல்லோருக்கும் பொது. இரவு ஏழு மணி ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு ஆகாது. வேன் அவளை இறக்கிவிடவே நேரமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், சரியாக இருக்கும். முதல் ஒரு மணி நேரம் கும்மி. எல்லோரும் எளிதில் சேர்ந்துவிடுவார்கள். அடுத்த ஒரு மணி நேரம் பறை. முதல் மணியில் ஒருவர் காலைப் பார்த்து ஒருவர் அடிவைத்துப் பழகியவர்களுக்கு இரண்டாம் மணியில் தோலைத் தொடும் தயக்கம் குறையும். பறைக்கு ஆசானாகப் பக்கத்து ஊரின் மூத்த தப்பட்டைக்காரரையே அழைக்க வேண்டும். 'வாங்க ஆசான்' என்று அழைத்து, கும்மி வாத்தியாருக்குக் கொடுக்கும் அதே தொகையை, அதே தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். அரங்கேற்ற பேனரில் இரண்டு பேரும் ஒரே அளவில். அறிவிப்பைத் தமிழோடு ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி மில் விடுதி வாசல்களில் ஒட்டலாம். விடுதிப் பிள்ளைகள் வெளியே வர அனுமதி வேண்டும் என்பதால் மில் மேலாளர்களிடம் முன்கூட்டியே பேச வேண்டும். இதுதான் கடினமான பகுதி, யாராவது ஊர்ப் பெரியவர் கூட வந்தால் நடக்கும். எல்லாத் தெருப் பெண்களும் முதல் வாரமே வந்து சேர வேண்டும். பாட்டு வகுப்பினர் முதல் வாரங்களிலேயே நெருங்கிவிடுகிறார்கள் என்று அந்த ஆய்வு சொன்னதல்லவா; பிந்தி வருகிறவர்கள் இறுகிப்போன வட்டத்தின் முதுகைத்தான் பார்ப்பார்கள். ஆகவே பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய வாரம்தான் அமைப்பாளருக்கு உண்மையான வேலை. வீடு வீடாகப் போய், காலனித் தெருவிலும் தோட்டத்துச் சாளைகளிலும் லைன் வீடுகளிலும், "ஞாயித்துக்கிழமை வந்துருங்க, உங்களுக்கும் எடம் இருக்குது" என்று நேரில் சொல்லிவிட்டு வர வேண்டும்.